அண்ணாச்சி கேள்வி பதில்: பொடுதலை இருக்க கொரியன் புல் எதுக்கு?

போன மாசம் ஒரு பதில்ல, வீட்டு முன்னால அழகுக்குப் போடுற கொரியன் புல்லுல தேனீக்கு ஆகுற மாதிரி ஒரு பூ கெடையாது, அது தண்ணிய மட்டுந்தான் குடிக்கும்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸப்பும் கொஞ்சநஞ்சமில்ல. அதனால இந்தத் தடவ எல்லாமே அது சம்பந்தப்பட்ட கேள்விதான். மாடித்தோட்டம் பத்தி, ரோஜா பத்தி கேட்டவங்க கோவிச்சிக்காதீங்க, அடுத்த மாசம் எழுதுதேன்.

அண்ணாச்சி, வீடு கட்டி 4 வருசம் ஆச்சு. தார்சாவுக்கு முன்னால 2 சென்ட்ல கொரியன் புல் போட்டோம். சித்திரை வந்தா மஞ்சளா போயிருது, லாரித் தண்ணி வாங்கி ஊத்தியும் பிரயோஜனமில்ல. எம்மவ அமெரிக்காவுல மின்னசோட்டாவுல இருக்கா. அங்க வீட்டுப் புல்தரைய தேனீக்கான புல்தரையா மாத்துதாங்களாம், போட்டோ அனுப்பியிருந்தா, பாக்க அவ்வளவு நல்லாருக்கு. அடுத்து வரும்போது அந்த விதைய வாங்கிட்டு வரட்டான்னு கேக்கா. வரச் சொல்லட்டுமா?
- வாசகி, மகாராஜநகர், பாளையங்கோட்டை

மகள வரச் சொல்லுங்க தங்கச்சி, விதைய வேண்டாம்னு சொல்லுங்க.

அவ சொல்லுத விசயம் உண்மைதான், நல்ல விசயமும் கூட. மின்னசோட்டா யுனிவர்சிட்டில தேனீ ஆராய்ச்சி பண்ணுதவங்களும் புல் ஆராய்ச்சி பண்ணுதவங்களும் சேந்து செஞ்ச வேல அது. வெட்ட வெட்ட தாங்குற மெல்லிசான புல்லுக்கு நடுவுல, தரையோட தரையா பூக்குற மூணு செடிய கலந்து விடுதாங்க. வெள்ளை குளோவர், செல்ஃப் ஹீல், படர்ற தைம். அங்க பார்க்ல வெள்ளை குளோவர் பூவுக்கு மட்டும் 50 வகைக்கு மேல தேனீ வந்து போனத கணக்கெடுத்திருக்காங்க. 2019ல அந்த மாநிலமே வீட்டுக்காரங்களுக்கு பணம் குடுத்து உதவுற ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. துருப்பிடிச்ச மாதிரி முதுகுல ஒரு திட்டு உள்ள ஒரு பம்பிள் தேனீ அங்க அழிஞ்சுகிட்டு வருது, 2017ல அதை அமெரிக்க அரசாங்கம் அழியப்போற உயிர்னு பட்டியல்ல சேத்துச்சு, அதையும் காப்பாத்தணும்ங்கறது திட்டத்துல ஒரு நோக்கம்.

ஆனா அந்த மூணு செடியும் குளிர் நாட்டுச் செடி. பனிக்குக் கீழ மாசக்கணக்குல கெடந்துட்டு எந்திரிக்கும், நம்ம அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரி வெயில்ல ஒரு வாரம் தாங்காது. வெள்ளை குளோவர பாக்கணும்னா ஊட்டிக்குப் போங்க, அங்க புல்லுக்குள்ள தானாவே மண்டிக் கெடக்கு. பாளையங்கோட்டைக்கு அது ஆகாது. அந்த பம்பிள் தேனீயும் நம்ம நாட்டுல கெடையாது. அது போக வெளிநாட்டுல இருந்து விதைய பெட்டில போட்டு எடுத்துட்டு வாரது சட்டப்படியே தப்பு, 2003ல போட்ட உத்தரவுப்படி இறக்குமதி பெர்மிட்டும் அந்த நாட்டு சர்ட்டிபிகேட்டும் வேணும். ஆன்லைன்ல தேனீ புல் விதைன்னு கலர் படம் போட்டு விக்காங்களே, அதுக்கும் பணம் போடாதீங்க.

அவங்க செஞ்சதுல நாம எடுத்துக்க வேண்டியது செடிய இல்ல, யோசனைய. மிதிச்சா தாங்கணும், வெட்டுனா தழையணும், குட்டையா நின்னு பூக்கணும். இந்த மூணும் சேந்த செடி நம்ம ஊர்ல வாய்க்கா கரைல, வயல் வரப்புல சும்மா கெடக்கு தங்கச்சி. பொடுதலை. பொடுகுக்கு எண்ணெ காச்சித் தலையில தேய்ப்பாங்கள்லா, அதே பொடுதலைதான். இலை சின்ன கரண்டி மாதிரி, நுனில மட்டும் பல்லு பல்லா இருக்கும். பூ கத்தரிப்பூ கலர்ல ஒரு சின்ன பொத்தான், அத சுத்தி வெள்ளையா ஒரு வளையம், முத்த முத்த திப்பிலி மாதிரி நீண்டுரும். கணுவுக்குக் கணு வேர் விட்டு தரைய புடிச்சிக்கும். காலைல 9 மணிக்கு மேல அதுக்குப் பக்கத்துல ஒரு பத்து நிமிசம் குத்தவச்சு பாருங்க, கொம்புத் தேனீ, அடுக்குத் தேனீ, கொசுவ விட கொஞ்சம் பெருசா கருப்பா கொசுத்தேனீ எல்லாம் ஒவ்வொரு பொத்தானா ஏறி எறங்கும். மயில் வசீகரன்னு ஒரு வண்ணத்துப்பூச்சி, றெக்கைல மயில் கண்ணு வரைஞ்ச மாதிரி இருக்குமே, அது இந்த இலைலயும் முட்டை வைக்கும். ஜப்பான்காரன் இந்தச் செடியத்தான் மேம்படுத்தி குராபியான்னு பேரு வச்சு, இன்னைக்கு கலிபோர்னியாவுல தண்ணிப் பஞ்சத்துல புல்லுக்குப் பதிலா காசு குடுத்து வாங்கி நடுதாங்க. நம்ம பாளையங்கால்வாய் ஓரத்துல மிதிச்சிட்டு போறோம்.

தண்ணிக் கணக்கும் பாத்துருவோம். 1 சென்ட்ங்கறது சுமாரா 40 சதுர மீட்டர். கோடைல புல்லு பச்சையா இருக்கணும்னா ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணி வேணும்னு வச்சிக்கோங்க, சென்ட்டுக்கு 200 லிட்டர், உங்க 2 சென்ட்டுக்கு 400 லிட்டர், தெனசரி. ஒரு வீட்டுல குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க ஆகுற தண்ணிய புல்லுக்கு ஊத்துதீங்க. பொடுதலை வேர் புடிச்சிட்டா கோடைல வாரம் ஒரு தடவ, முடிஞ்சா ரெண்டு தடவ போதும். ஒரேயடியா தண்ணி இல்லாம போனா மேல காஞ்சிரும், ஆனா வேர் சாகாது, ஒரு மழைக்கு தழைச்சிரும்.

எப்பம் செய்யணும்னா, புரட்டாசி கடைசில இருந்து ஐப்பசிக்குள்ள. இத நான் அடிச்சுச் சொல்லுதேன், ஏன்னா மொதத் தடவ நான் அவசரப்பட்டு மாசி கடைசில நட்டேன், பக்கத்துல உக்காந்து தண்ணி தெளிச்சும் முக்காவாசி கருகிப் போச்சு. அடுத்த ஐப்பசில அதே எடத்துல நட்டது, வடகிழக்கு மழைய குடிச்சிட்டு தை மாசம் மூடிருச்சு. 2 சென்ட்டையும் ஒரே வருசத்துல பெயர்க்காதீங்க, பாதி இந்த வருசம், பாதி அடுத்த வருசம். புரட்டாசில கொரியன் புல்ல மம்பட்டியால பாய் சுருட்டுத மாதிரி தோலோட பெயர்த்து எடுத்துருங்க, வேர் மிச்சம் இருந்தா திரும்ப வரும், அதனால ரெண்டு வாரம் சும்மா போட்டு, முளைச்சு வாரத எடுத்துட்டு, அப்புறம் குளத்து கரம்பை மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் கொஞ்சம் போல கலந்து கொத்தி விடுங்க. நெறைய எரு போட வேண்டாம், போட்டா இலைதான் கொழுக்கும். பொடுதலைத் தண்ட அரை அடி நீளத்துக்கு வெட்டி, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி ஒரு அடிக்கு ஒண்ணு நடுங்க, 1 சென்ட்டுக்கு 435 துண்டு வேணும், ஒரு சாக்குப் பை நெறைய அள்ளுனா தாராளம். சாக்கடை கலக்குற எடத்துல அள்ளாதீங்க. அள்ளும்போது கோரைக்கிழங்கு சேந்து வருதான்னு ஒவ்வொரு கைப்பிடியா பாருங்க, கோரை ஒரு தடவ உள்ள வந்துட்டா உங்க பேரப்புள்ளை காலத்துக்கும் புடுங்கிட்டு இருக்கணும்.

பொடுதலை மட்டும் போதாது, அதுக்குள்ள நாலஞ்சு தானா வரும், அதுல எத விடணும் எத எடுக்கணும்னு தெரிஞ்சிக்கிடணும். சிறுபுள்ளடி வந்தா விடுங்க, மூணு மூணு இலையா தரையோட படரும், நிலத்துக்கு தழைச்சத்தும் குடுக்கும். விஷ்ணுகிராந்தி நீலப் பூவோட வந்தா கும்பிட்டு விடுங்க. ஓரத்துல தும்பை நிக்கட்டும், மழைக்குப் பெறகு தும்பைல தேனீ மொய்க்குத மாதிரி வேற எதுலயும் நான் பாத்ததில்ல. வெட்டுக்காயப் பூண்டு, சின்ன வயசுல தாத்தா தலைய வெட்டுன்னு சொல்லி பூவ சுண்டி விளையாடுவோமே, அது நம்ம நாட்டுச் செடி இல்ல, அமெரிக்கால இருந்து வந்தது, ஆனா தேனுக்கு வண்ணத்துப்பூச்சியெல்லாம் அதுலதான் உக்காருது, ஓரத்துல அளவா வச்சிக்கோங்க. நெருஞ்சி பூ தேனீக்கு நல்லதுதான், நம்ம காலுக்கு ஆகாது, எடுத்துருங்க. பார்த்தீனியம் கண்ணுல பட்டா பூக்குறதுக்கு முன்னாலயே வேரோட புடுங்கிருங்க, கைக்கு உறை போட்டுக்கிட்டு.

மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவ மிஷின்ல பிளேட ரெண்டரை மூணு இஞ்சுக்கு ஏத்தி வச்சு வெட்டுனா போதும். ஒரு தடவ இந்தப் பாதி, அடுத்த தடவ அந்தப் பாதி, அப்பதான் எப்பமும் எங்கயாவது பூ இருக்கும். காலைல 7 மணிக்குள்ள வெட்டுங்க, இல்லன்னா பொழுது சாஞ்ச பெறகு.

அண்ணாச்சி, நான் வீட்டு முன்னால பொடுதலையும் தும்பையும் விட்டு வச்சிருக்கேன். மாமியார் தெனமும் "வாசல காடாக்கி வச்சிருக்கா, பாம்பு வந்து அடையப் போவுது"ன்னு சத்தம் போடுதாங்க. நெசமாவே பாம்பு வருமா?
- வாசகி, தச்சநல்லூர்

மாமியார் பயப்படுதது நியாயம்தான் மக்களே, அவங்க பேச்ச தள்ளிறாதீங்க. நம்ம பக்கம் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உள்ள ஊரு. ஆனா பாம்பு பூவத் தேடி வராது, எலியத் தேடி, தவளையத் தேடி, ஒளிய எடம் தேடி வரும். ரெண்டு மூணு இஞ்சு உயரத்துல கத்தரிச்ச பொடுதலைல ஒளிய எடமே கெடையாது. நீங்க பாக்க வேண்டியது சுவரோரம் அடுக்கி வச்ச மிச்ச செங்கல், தென்னமட்டைக் குவியல், பழைய ஓடு, கோழித் தீவனம் சிந்துற எடம். அதையெல்லாம் ஒழுங்கு பண்ணுங்க. வாசப்படில இருந்து மூணு அடிக்கு செடியே இல்லாம கல்லோ மணலோ போட்டு வெளிச்சமா வச்சிருங்க. தும்பை ஒரு முழம் வளரும், அத நடைபாதைப் பக்கம் விடாம காம்பவுண்டு சுவர் பக்கம் மட்டும் விடுங்க. ராத்திரி டார்ச் இல்லாம எறங்க வேண்டாம், அது புல்தரை இருந்தாலும் சிமெண்டு தரை இருந்தாலும் ஒண்ணுதான்.

இன்னொண்ணு, ஒரு நாள் காலைல மாமியாரையும் கூப்பிட்டு அந்த பொடுதலைய காட்டி, இதுல எண்ணெ காச்சுறது எப்படி அத்தைன்னு கேளுங்க. ஓரத்த மட்டும் கயிறு புடிச்ச மாதிரி நேரா வெட்டி வச்சிட்டா, பாக்குதவங்களுக்கு இது கவனிக்காம விட்டது இல்ல, வேணும்னு வளக்குததுன்னு புரிஞ்சிரும்.

எங்க ஊரு பணகுடி பக்கம். ஆனி ஆடில அடிக்குத காத்துல செடி நிக்கவே மாட்டேங்குது. போர் தண்ணியும் உப்பு. இங்க தேனீக்குப் புல்தரைல்லாம் நடக்குமா அண்ணாச்சி?
- வாசகர், பணகுடி

நடக்கும் தம்பி. காத்து அடிக்குத ஊருக்குத்தான் தரையோட கெடக்குற செடி ரொம்ப வேணும். காத்தாடி சுத்துற அளவுக்கு காத்து இருந்தா தேனீ உயரத்துல உள்ள பூவுக்குப் போறதுக்கு ரொம்ப சிரமப்படும், தரை ஒட்டி பறந்தா அவ்வளவு எதிர்ப்பு இருக்காது. பொடுதலை உப்புத் தண்ணிய நல்லாவே தாங்கும். உங்க செம்மண்ணுக்கு அதோட செப்பு நெருஞ்சிய விடுங்க. பேருதான் நெருஞ்சி, முள்ளு கெடையாது, சின்னதா செவப்புப் பூ, அவரை குடும்பம், வெறும் சரள் மண்ணுலயே படர்ந்துரும்.

மேக்காத்துக்கு மேற்குப் பக்கம் ஒரு வேலி கட்டாயம். சுவரா வைக்காதீங்க, சுவரத் தாண்டி காத்து சுழண்டு அடிக்கும். நொச்சியும் ஆடாதொடையும் மாத்தி மாத்தி ரெண்டு வரிசை வைங்க. ரெண்டுமே ஆடு மாடு தொடாது, குச்சிய வெட்டி நட்டா வரும், ரெண்டுலயும் தேனீ வரும். நொச்சி பூத்து நிக்கும்போது அந்த வேலியே ரீங்காரம் போடும்.

உங்க பக்கம் பனை நெறைய உண்டு. பதநீ எறக்குதவங்க கலயத்துல தேனீ விழுந்து கெடக்குதத பாத்திருப்பீங்க. வெயில் காலத்துல அது அவ்வளவு தூரம் அலையுது. ஒரு அகலமான மண் சட்டில கூழாங்கல்லப் போட்டு, கல்லு முங்காத அளவுக்கு நல்ல தண்ணி ஊத்தி வேலிக்குக் கீழ வைங்க, ஏறி நிக்க எடம் இருந்தா அது முங்கிச் சாகாது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ தண்ணிய மாத்திருங்க, இல்லன்னா கொசுதான் வளரும்.

வீட்டுல 3 வயசுப் புள்ள செருப்பு போடாம ஓடுது. தரைலயே பூ இருந்தா தேனீ கொட்டிராதா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

மிதிச்சா கொட்டும், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். கொசுத்தேனீக்கு கொடுக்கு கெடையாது, ஆனா மத்ததுக்கு உண்டு. அதனால புள்ள ஓடியாடுற எடத்த தனியா பிரிச்சு வைங்க. அங்க வெறும் அருகம்புல் போதும், ஒட்ட வெட்டி வைங்க. பூக்குற எடம் சுவரோரமா, கெணத்தடிப் பக்கமா இருக்கட்டும், நடுவுல ஒரு வரிசை செங்கல் பதிச்சிட்டா புள்ளைக்கே எல்லை தெரிஞ்சிரும். தேனீ பூவுல உக்காந்திருக்கும்போது தானா தேடி வந்து கொட்டாது, கூட்ட கலைச்சாத்தான் அப்படி வரும்.

கொட்டிட்டா கொடுக்கு தோல்லயே நிக்கும், உள்ள விஷம் எறங்கிட்டே இருக்கும், அதனால நேரம் கடத்தாம நகத்தால சுரண்டி எடுத்துருங்க, கழுவிட்டு ஐஸ் வைங்க. சுண்ணாம்பெல்லாம் தடவ வேண்டாம். மூச்சு இழுத்தாலோ, முகம் உதடு வீங்குனாலோ, உடம்பெல்லாம் தடிச்சாலோ, வாந்தி எடுத்தாலோ வீட்டு வைத்தியம் பாக்காம ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.

அண்ணாச்சி, பொறவாசல்ல பூசணி, பாகல் போட்டிருக்கேன், முருங்கையும் நிக்குது. பூசணி பூ பூவா பூக்குது, பிஞ்சு விரல் அளவுக்கு வந்து அழுகி விழுந்துருது. என்ன மருந்து அடிக்கலாம்? தேனீப் பெட்டி ஒண்ணு வாங்கி வச்சா சரியாகுமா?
- வாசகர், கல்லிடைக்குறிச்சி

மருந்து அடிக்காதீங்க அண்ணே, பெரும்பாலும் மருந்தாலதான் இந்த நெலமை. பூசணில ஆண் பூ வேற, பெண் பூ வேற, ஒண்ணுல உள்ள மகரந்தம் இன்னொண்ணுக்குப் போகணும், காத்துல போகாது, தேனீ கால்லதான் போகணும். போகலன்னா பிஞ்சு அழுகத்தான் செய்யும். இந்த வாரத்துக்கு நீங்களே ஆண் பூவ பறிச்சு இதழக் கிழிச்சிட்டு, காலைல 8 மணிக்குள்ள பெண் பூ நடுவுல தடவி விடுங்க, காய் நிக்கும். நின்னுட்டா, கொற தேனீ வராததுதான்னு உறுதியாயிரும்.

அடுத்து, கடந்த ஒரு வருசத்துல வீட்டச் சுத்தி என்ன தெளிச்சீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. கரையானுக்குன்னு குளோர்பைரிபாஸ், அசுவினிக்குன்னு இமிடாகுளோப்ரிட், ரெண்டும் தேனீக்கு எமன். இமிடாகுளோப்ரிட் செடிக்குள்ள ஏறி மகரந்தத்துலயும் தேன்லயும் வந்துரும், அதனாலதான் ஐரோப்பால 2018ல அதையும் அது மாதிரி இன்னும் ரெண்டையும் வெளில வயல்ல தெளிக்கக் கூடாதுன்னு தடை பண்ணுனாங்க. எங்க வீட்டுல ஒரு தடவ கரையானுக்கு ஆள் வச்சு மருந்து ஊத்துனோம், நான் ஊர்ல இல்லாத நேரம், தும்பை நின்ன எடத்துலயும் சேத்து ஊத்திட்டாங்க. வந்து பாத்தா செடிக்குக் கீழ தேனீ சுருண்டு சுருண்டு கெடக்கு, சிலது உயிரோட வட்டம் போட்டுகிட்டு. அந்த வருசம் முழுக்க பீர்க்கு காய்க்கல. பீர்க்க விட அந்த வட்டம் போட்ட தேனீதான் இன்னைக்கும் எனக்கு மனசுல நிக்குது. அசுவினிக்கு சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ போதும், அதையும் பொழுது சாஞ்சு தேனீ கூடடைஞ்ச பெறகு தெளிங்க.

பெட்டி விசயம். மார்த்தாண்டம் பக்கம் நம்ம இந்தியத் தேனீய பெட்டில வச்சு வளக்குதது நூறு வருசப் பழக்கம், கத்துக்கிட ஆசையிருந்தா அங்க போயி ஒழுங்கா கத்துக்கிட்டு வைங்க. ஆனா அது வளப்பு, நாளும் பாக்கணும். 1991க்கு அப்புறம் தாய் சாக்புரூட்னு ஒரு வைரஸ் வந்து தென்னாட்டுல பெட்டி பெட்டியா காலி ஆச்சு, வருசக்கணக்கா வளத்தவங்களே கைவிட்டுட்டாங்க. பூவே இல்லாத எடத்துல பெட்டி வச்சா ஒரு மாசத்துல கூட்டத்தோட கெளம்பிப் போயிரும். மொதல்ல பூ, அப்புறம் பெட்டி.

அதோட காய் புடிக்க வைக்குதது பெட்டித் தேனீ மட்டும் இல்ல. உங்க முருங்கைக்கு முக்கியமான ஆளு கருகருன்னு பெருசா சத்தம் போட்டுட்டு வருமே, அந்தத் தச்சுத் தேனீதான், நம்மாளு வண்டுன்னு சொல்லி வெரட்டி விடுவோம். அது பட்ட மரத்துல ஓட்ட போட்டு குடியிருக்கும். காஞ்ச முருங்கைக் கட்டை, பழைய மூங்கில் ரெண்டு மூணு மழை படாத எடத்துல கட்டித் தொங்க விட்டீங்கன்னா வாடகை இல்லாம தங்கிக்கிடும். இன்னும் பல தேனீ கூட்டமா வாழாது, ஒண்டியா மண்ணுல குழி தோண்டி முட்டை வைக்கும். அதுக்கு செடியும் வேண்டாம் சிமெண்டும் வேண்டாம், வெறும் மண்ணு வேணும். நாம வீடு கட்டுன கையோட காம்பவுண்டு வரைக்கும் டைல்ஸ் போட்டு மூடிருதோம், அப்புறம் பூசணி காய்க்கலன்னு கவலப்படுதோம்.

அதனால பொறவாசல்ல கெழக்கு வெயில் படுற எடமா பாத்து ஒரு பாய் அகலத்துக்கு மண்ண அப்படியே விட்டுருங்க, கொத்தாதீங்க, தண்ணி தேங்க விடாதீங்க. எங்க வீட்டுல கொடிக்கல்லுக்குப் பக்கத்துல டைல்ஸ் பத்தாம போயி ரெண்டடி மண்ணு அப்படியே கெடந்துச்சு. மாசி மாசம் ஒரு நாள் துணி காயப் போட போனப்ப பாத்தா, வயித்துல நீல நீலமா பட்டை போட்ட தேனீ ஒண்ணு அந்த மண்ணுல குழி தோண்டிட்டு இருக்கு, பின்னங்காலால மண்ண தள்ளித் தள்ளி, நான் பக்கத்துல நின்னத சட்டை பண்ணவே இல்ல. இப்பம் அந்த எடத்துல ஏழெட்டு குழி இருக்கு. மிச்ச டைல்ஸ் பெட்டி மாடில கெடக்கு, அத ஒட்டலாம்னு யாரும் வீட்டுல பேச்செடுக்குததில்ல.